முக்காலிக்கு அடியில் எலுமிச்சம்பழம்

புது மெஷின் பெட்டியை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து கிளியனூர் பக்கம் போன அன்று, வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் ஒரு கையைப் பின்னால் விட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். டீக்கடையில் நின்றிருந்த ஒருவர், "இன்னாங்க, புதுப் பொண்டாட்டிய மொத மொதலா வண்டியில ஏத்திக்கினு போற மாதிரி போறீங்க?" என்றார். யார் எது சொன்னாலும் மனசில் முடிந்துவைத்துக்கொள்கிற ஆள் நான். இதையும் முடிந்துகொண்டேன்.

நில அளவையை நான் காலேஜில் படிக்கவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்துப் பிடித்துக் கற்றது. மிச்சம் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றது. இப்போது வாங்கியிருப்பதோ சாட்டிலைட்டைக் கேட்டு, ஒரு விரல் கனம் பிசகாமல் இடம் சொல்கிற கருவி. அதற்கு முதல் வேலையே வில்லங்கமான வேலை.

ஒரு அக்காவும் அவர் புருஷனும் சேர்ந்து வெட்டிய கிணறு. புருஷன் சிங்கப்பூரில் வேலை. பக்கத்து நிலம் கொழுந்தனுடையது. நடுவில் இருந்த எல்லைக்கல் டிராக்டர் உழுததில் பெயர்ந்து போய்விட்டது. கொழுந்தன் மறுநாள் கம்பி வேலி போடப் போகிறார். கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அக்காவின் மல்லாட்டைப் பயிருக்கு, அந்த வேர்க்கடலைக்கு, தண்ணீர் கிடையாது. "மெஷினு எங்க காட்டுதோ அங்க கல்லு" என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

வானம் நன்றாகத் தெரிகிற மேட்டில் முக்காலியை விரித்தேன். கால்களை மண்ணில் அழுத்தி, தரையில் அடித்த ஆணிக்கு நேர் மேலே கருவியை நிறுத்தி, குமிழியை வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். இது ஆடாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டியது. இன்னொன்று கோலில் மாட்டி நான் தூக்கிக்கொண்டு நடப்பது. நிற்பது சொல்லச் சொல்ல, நடப்பது திருத்திக்கொள்ளும். திரையில் 'ஃப்ளோட்' என்று கொஞ்ச நேரம் தத்தளித்தது, சட்டென்று 'ஃபிக்ஸ்', அதாவது இடம் உறுதி, என்று பச்சையானது. நான் கத்தியேவிட்டேன்.

"இன்னா சாரு, கிரிக்கெட்டா பாக்குறீங்க?" என்றார் கொழுந்தன்.

மேற்கு மூலையிலும் கிழக்கு மூலையிலும் பழைய கற்கள் அசையாமல் இருந்தன. கொழுந்தன் கூடவே வர, இரண்டையும் அளந்து வரைபடத்தோடு பொருத்தினேன். அக்கா மேட்டிலேயே நின்றுகொண்டார். பிறகு அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டு கிணற்றடிக்கு வந்து, காணாமல்போன கல்லின் இடத்தைத் தேடி முளை அடித்து, கயிறு கட்டினோம். கயிறு கிணற்றுச் சுவரின் மேலேயே ரெண்டு விரல் ஏறிக்கொண்டு போனது.

"பாத்தீங்களா அண்ணி? கெணறு என் நெலத்துக்கு எட்டிப் பாக்குது!"

அக்கா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

முடிக்கும் முன் ஒரு பழைய கல்லை மறுபடி தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். போய்க் கோலை வைத்தேன். நாலு விரல் தள்ளிக் காட்டியது! திரையில் ஃபிக்ஸ்தான், பச்சைதான். கல்லும் மண்ணில் ஊன்றியபடி அசையாமல்தான் இருக்கிறது.

"கல்லு நவுந்துடுச்சா?" கொழுந்தன் குதித்தார். "அண்ணி, ராத்திரியில நவுத்துவீங்கன்னு பாத்தா, பட்டப்பகல்லயேவா?"

"நான் இங்கியே நிக்கிறேன் தம்பி. உங் கண்ணு முன்னாடி எப்பிடி நவுத்துவேன்?"

கல் நகரவில்லை என்றால், மேட்டில் நிற்பதுதான் நகர்ந்திருக்க வேண்டும். மேட்டுக்கு ஓடினேன். குமிழி வட்டத்தை விட்டு வெளியே கிடந்தது. முக்காலியின் ஒரு கால் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்க, அதன் அடியில் மஞ்சளும் குங்குமமும் வைத்த எலுமிச்சம்பழம்.

"அக்கா, இது யாரு வச்சது?"

"நாந்தாங்க. புது மெஷினு. வண்டிக்கு வைப்பாங்கல்ல? திருஷ்டி படாம, எனக்கும் நல்லபடியா காட்டட்டும்னு..." மடியிலிருந்து இன்னும் ரெண்டு பழத்தை எடுத்துக் காட்டினார். "மத்த ரெண்டு கால தூக்க முடியல. அதுக்குள்ள நீங்க கூப்புட்டீங்க."

கொழுந்தன் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "மந்திரம் வச்சும் கெணறு எம் பக்கந்தான் வருது பாருங்க! சாரு, திரும்ப அளங்க. நானே இங்க காவலு. அண்ணி இந்தப் பக்கம் வரக் கூடாது."

காலை மறுபடி அழுத்தி, குமிழியை நடுவில் உட்கார வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். மேற்குக் கல் சரி. கிழக்குக் கல் சரி. கிணற்றடிக்கு வந்து கோலை வைத்தேன். புது முளை பழைய முளையிலிருந்து நாலு விரல் தள்ளி இறங்கியது. கயிற்றை இழுத்துக் கட்டினோம். சுவருக்கு வெளியே, ரெண்டு விரல் இடைவெளி விட்டுக் கயிறு நின்றது.

அக்கா அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். கிணற்றுக்காக வைத்த பழமே கிணற்றை வெளியே தள்ளப் பார்த்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்; கண்ணில் தண்ணீர்.

மேட்டிலிருந்து இறங்கி வந்த கொழுந்தன் குனிந்து பார்த்தார், எழுந்தார். "ரெண்டு விரலு தானா? சரி அண்ணி. காவலுக்கு நானே இருந்துட்டேன், இனிமே என்னாத்த பேசுறது." கடப்பாரையை எடுத்து, அவரே கல்லுக்குக் குழி தோண்டினார்.

நான் வண்டியைக் கிளப்பும்போது அக்கா மிச்சமிருந்த ரெண்டு பழத்தோடு ஓடிவந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார். கொழுந்தன்தான் குரல் கொடுத்தார்:

"சக்கரத்துக்கு வைங்க அண்ணி! அது நவுர்றதுக்குன்னே இருக்குறது!"