ராயப்பன் வீட்டுத் தைம் செடி

இலையைக் கிள்ளமாட்டார். விரலால் ஒரு தடவு தடவி, அந்த விரலை மூக்கில் வைத்த பிறகுதான் ராயப்பனுக்குக் காலையில் கண்ணே முழுதாகத் திறக்கும். கோரிப்பாளையத்தில், அடுத்த வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் பொதுவான அகலக் குட்டைச் சுவர்மேல், மொட்டை வெயிலில் உட்கார்ந்திருக்கிறது அந்தச் சட்டி. அதில் சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இலைகளோடு சாணளவு படர்ந்த சீமைச் செடி. பெயர் தைம்.

மில் துரை ஒருவரின் பங்களாவில் வெகுகாலம் சமையல் பார்த்தவர். துரைசானி கப்பலேறும்போது மற்றவர்கள் தட்டும் கோப்பையும் கேட்டார்கள். இவர் மூன்று கன்றுகள் கேட்டு வாங்கினார். "ஆட்டுக்கறியில ரெண்டு கொத்துப் போட்டா, சாப்புட்டவன் தட்ட விட்டு எந்திரிக்க மாட்டான்" என்பார். ஆனால் இன்றுவரை யார் வீட்டுக் கறிக்கும் ஒரு கொத்துக் கொடுத்ததில்லை.

ஆள் சாதுதான். யாராவது சொம்போடு அந்தச் சுவர்ப் பக்கம் வந்தால் மட்டும் போச்சு. தைம் எந்த வெயிலையும் தாங்கும். தண்ணீர்தான் அதற்கு எமன். ஆற்றுமணலும் உடைந்த ஓடும் கலந்த மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஒரு கை தெளிப்பார். இந்தக் கொடுமை அடுத்த வீட்டு ஜெயினம்புவுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போன நேரம் பார்த்து, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றியே இரண்டு கன்றுகளை அழுகவைத்த புண்ணியவதி அவள். மிஞ்சியது இது ஒன்றுதான். இதுவும் போனால் வேறு கன்றுக்கு அவர் எங்கே போவார்?

போன மாதம் மகளுக்குப் பிரசவம் என்று சமயநல்லூருக்குக் கிளம்பியவர், வேறு ஆளில்லாமல் ஜெயினம்புவிடமே செடியை ஒப்படைத்தார்.

"தாயி, காஞ்சு செத்தாலும் சாகட்டும். தண்ணி மட்டும் காட்டிராத."

"அல்லா மேல சத்தியம்ணே, ஊத்த மாட்டேன்."

அங்கே போன சில நாளில் கோடை மழை பிடித்துக்கொண்டது. பேரனை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தவரை, மழை விட்டதும் மகளே பஸ்ஸுக்கு விரட்டிவிட்டாள். செடி அழுகித்தான் போயிருக்கும் என்று வழியெல்லாம் மனசைத் தேற்றிக்கொண்டு வந்தார். தேறவில்லை, கண் கலங்கிவிட்டது.

வந்து பார்த்தால், சுவர்மேல் ஜெயினம்புவின் சோறாக்கும் தேக்சா கவிழ்ந்து கிடந்தது. காற்றுக்கு நகராமல் அதன்மேல் அம்மிக்குழவி.

"இருக்கது இந்த ஒரு தேக்சாதாண்ணே. ரெண்டு நாளா புள்ளைகளுக்குக் கடை ரொட்டிதான்" என்றாள். "ஒரு சொட்டு எறங்கிருக்காது, பாருங்க."

ராயப்பன் தூக்கிப் பார்த்தார். மண் காய்ந்திருந்தது, வாசனை குப்பென்று வந்தது. வழக்கம்போல் தடவப்போன விரல் பாதியில் நின்றது. பிறகு, நுனியில் செழித்திருந்த இரண்டு கொத்தைக் கிள்ளினார். தேக்சாவை நிமிர்த்தி, அதற்குள் போட்டு, அவளிடம் நீட்டினார்.