நல்ல நேரத்தைச் சொன்னது நான்தான்

வாரம் இருமுறை டயாலிசிஸுக்காக முத்தையாபுரத்திலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போய்வருவதற்குள் என் கணவர் துவண்டுவிடுவார். அதனால் ஒரு சின்ன கார் வாங்கத் துணிந்தோம். ஷோரூமில் பேரம் பேசி விலையை நன்றாகவே குறைத்து, முன்பணமும் கொடுத்தேன்.

"நல்ல நேரம் பாத்திருக்கியளாக்கா?" என்று கேட்டார் விற்பனையாளர்.

"வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னால எடுத்திரணும் தம்பி" என்றேன்.

வெள்ளியன்று ஒன்பது மணிக்கே போய்விட்டோம். காபி கொடுத்து உட்காரவைத்தார்கள். பத்தேகாலுக்குத்தான் பில் வந்தது. நான் கேட்காத சீட் கவர், துருப்பிடிக்காமலிருக்க அடிப்பூச்சு, இன்னும் ஏதேதோ கட்டணம் என்று இருபத்தெட்டாயிரம் கூடியிருந்தது. நான் வாயெடுப்பதற்குள், "நேரம் ஆவுதுக்கா" என்று கடிகாரத்தைக் காட்டினார் அவர்.

"ஏளா, நாம இருக்க நெலமையில ராகு காலத்துல எடுக்க வேண்டாம். குடுத்திரு" என்றார் கணவர். சிகிச்சைக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்தேன்.

மறுவாரம் பெட்ரோலுக்குக் காசில்லை. காய்ந்த மாலையோடு கார் வாசலில் நிற்க, அவரைக் கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றினேன்.

இப்போதெல்லாம் முழுத்தொகையையும் எழுதி வாங்காமல் எங்கும் முன்பணம் கொடுப்பதில்லை. நல்ல நேரம் இன்னும் பார்க்கத்தான் செய்கிறேன். விற்பவர் காதில் போடுவதில்லை.