கலியாணப் படத்தில் நான் இல்லை

பேசாலையில் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். குடும்பப் படம் எடுக்கும்போது, புருசன் இல்லாதவள் என்று நானாகவே வரிசையின் கரையில் ஒதுங்கி நின்றேன். பிறகு பார்த்தால் படத்தில் நான் இல்லை. என் சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. தங்கச்சிதான் வெட்டச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். கேட்கக் கூச்சம். இரண்டு வருசம் அவள் வீட்டுப் பக்கமே போகாமல், தலைமன்னாரில் தனியே சமைத்துத் தனியே சாப்பிட்டேன்.

போன மாதம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனேன். கலியாணத்தில் படம் எடுத்த அதே படக்காரத் தம்பிதான்.

"அண்டைக்கு என்னை வெட்டச் சொன்னது ஆர் தம்பி?"

"ஒருத்தரும் இல்லையம்மா! என்ர கமரா பழுது, இரவல் கமராவில எடுத்தனான். லென்ஸ் என்ரதுதான். ஆனால் அந்த இரவல் கமராவுக்குள்ள படம் விழுற சென்சர் சின்னன். அதில போட்டால் அதே லென்ஸும் கிட்டவாக்கித்தான் காட்டும், கரையில நிக்கிறவை விழமாட்டினம். தள்ளி நிண்டு எடுக்கப் பின்னுக்குச் சுவர். 'நானும் படத்தில விழுறனோ' எண்டு நீங்களும் ஒரு சத்தம் போட்டிருக்கலாமே!"

அன்றைக்கே தங்கச்சியிடம் போனேன்.

"ஏனக்கா இவ்வளவு நாளும் வரேல்ல?"

"கால் நோவடி."

அவள் உடனே எண்ணெயைச் சூடாக்கி வந்து, நிலத்தில் குந்தி என் காலைத் தேய்க்கத் தொடங்கினாள். ஒரு நோவும் இல்லாத காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். இன்றுவரை அவளுக்குச் சொல்லவில்லை.