வெட்டாத கோடு

ஆப்பரேஷனுக்கு முன்னால் டாக்டர் என் வயிற்றில் ஊதா மையால் புள்ளி வைத்தார். கேமரா போக ஒன்று, கருவிகள் போகச் சில. கடைசியாகத் தொப்புளுக்குக் கீழே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டார்.

"ஆன்டி, புள்ளியெல்லாம் சின்ன ஓட்டை. உள்ள வேலைய முடிச்சிட்டு, வெட்டுன பாகத்த இந்தக் கோட்டு வழியா வெளிய எடுப்போம்."

என் மகன் வயசுதான் இருக்கும் அவருக்கு. எங்கள் புடவைக்கடைத் தையல்காரர் ரவிக்கைத் துணியில் சாக்கட்டி போடுகிற அதே நிதானம்.

இரைப்பையில் கட்டி. பாதி இரைப்பை போய்விடும், மிச்சத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. எனக்கு அது பெரிய நஷ்டமாகப் படவில்லை. பினாங்கு லிட்டில் இந்தியாவில் புடவைக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள் என்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டாள்?

நிபோங் திபாலில் இருக்கும் என் அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் அவளுக்குப் பித்தப்பை எடுத்தார்கள். அப்போதெல்லாம் விலா ஓரமாக ஒரு சாண் கிழிப்பார்கள். வீட்டுக்கு வரும் பெண்களில் அந்தத் தழும்பைப் பார்க்காமல் திரும்பியவர் கிடையாது, அக்கா விடமாட்டாள். "எனக்குப் பூசணிக்காய பொளந்த மாதிரி பொளந்தாங்க. ஒனக்கு எறும்பு கடிச்ச மாதிரிதான்லா. குடுத்து வச்சவ" என்று போனில் சொன்னாள்.

மயக்கம் தெளிந்ததும் கை தானாகப் போர்வைக்குள் போனது. மேலே புள்ளிகள் இருந்த இடத்தில் பிளாஸ்டர் தட்டுப்பட்டது. தொப்புளுக்குக் கீழே தேடினேன். வெறும் தோல். அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. இங்கே ஒரு காயம் இருக்க வேண்டுமே கடவுளே என்று மறுபடியும் அழுத்தினேன். எதுவும் வெளியே வரவில்லை என்பது யாரும் சொல்லாமலேயே தெரிந்துவிட்டது.

மாலையில் டாக்டர் வந்தார். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர் அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஸ்கேன்ல தெரியல, ஆன்டி. கேமரா உள்ள போனதும்தான் பார்த்தோம். வயித்துக்குள்ள அரிசி தூவுன மாதிரி எல்லா எடத்துலயும் பரவியிருக்கு. இரைப்பைய எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல. அதான் அப்படியே வெளிய வந்துட்டோம்."

கீமோ கொடுத்துப் பார்க்கலாம் என்றார். குணமாகுமா என்று என் கணவர் கேட்டார். "நாள் கொஞ்சம் கூடலாம், அங்கிள்" என்றார் டாக்டர். பிறகு, முன்பெல்லாம் இதைப் பார்ப்பதற்கே வயிற்றை முழுசாகத் திறக்க வேண்டியிருந்தது, இப்போது உங்களுக்கு அந்த வேதனை மிச்சம் என்றார். உண்மைதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நன்றி என்றேன். வேறு என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்த மறுநாளே கணவர் காலையில் மீன் வாங்கப் பாசாருக்குப் போய்விட்டார். விரால் மீனுக்கு இங்கே ஹருவான் என்று பேர். தமிழரோ சீனரோ மலாய்க்காரரோ, பினாங்கில் யாருக்கு ஆப்பரேஷன் என்றாலும் புண் ஆற ஹருவான் சூப்தான். தினமும் எனக்கு அதுவே வந்தது.

"புண்ணெல்லாம் ஆறிடுச்சுங்க. எதுக்கு இன்னும்?"

"பரவால்ல, குடி."

டாக்டர் பேசியபோது என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். எல்லாம் தெரிந்த மனுஷன். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் குடித்தேன்.

அந்த வார முடிவில் அக்கா பஸ் ஏறி வந்தாள். அவளிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. என்னைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் சோறு என்று பிடிவாதம் பிடித்துக் குளியலறைக்குள் வந்தவள், பிளாஸ்டர் எடுத்த இடங்களைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"இவ்ளோதானா? நான் மாசக்கணக்கா குனிய முடியாம கெடந்தேன். இங்க பாரு" என்று சட்டையைத் தூக்கித் தன் விலாவை என் வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். வெளுத்துப்போன, தடித்த, அழகான தழும்பு. அதை அழகு என்று நான் நினைத்தது அன்றைக்குத்தான்.

அப்போது அவள் கண்ணில் அந்த ஊதாக் கோடு பட்டது. "இது என்னா? பேனா மையா? சோப்பு போட்டா போயிரும்" என்று நுரையை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுக்கா. அது வழியாதான் எடுக்கறதா இருந்தாங்க."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டியவள், நனைந்த சட்டையைக் கீழே இழுத்துத் தன் தழும்பை மூடிக்கொண்டாள்.