பணிஸை நிறுத்திய வாரம்

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு நிதி அமைச்சர் கிடைத்தார். வயது பதினான்கு. பெயர் தர்ஷினி. என் மூத்த மகள்.

பிள்ளைகளே, விஷயம் இதுதான். எங்கள் தெஹியோவிட்ட ரப்பர்த் தோட்டப் பக்கம் மழை பிடித்தால் லேசில் விடாது. மரம் நனைந்திருந்தால் ரப்பர் பால் வெட்ட முடியாது. வெட்டு குறைந்தால் என் மனைவி லெட்சுமியின் சம்பளமும் குறையும். எனக்கோ டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. மழையில் யார் வீடு கட்டுகிறார்கள்? சீமெந்து மூட்டைகளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அதனால் சாப்பிடும்போது சொன்னேன், மழை விடும்வரை வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று. சொல்லி வாய் மூடவில்லை, தர்ஷினி ஆரம்பித்துவிட்டாள்.

"மொதல்ல அந்த பணிஸ நிப்பாட்டணும்ப்பா."

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தினமும் மாலையில் பாணும் பணிஸ் என்ற இனிப்புப் பன்னும் விற்கும் சூன் பாண் ஆட்டோ வரும். தூரத்திலேயே அதன் பாட்டு கேட்கும். கேட்டதும் சின்னவள் பிரியா ரோட்டில் நிற்பாள். அவளுடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே...

"அக்கா, பணிஸ் சாப்பாடு. அது செலவு இல்ல."

"அப்ப அந்த மாமா ஓசியிலயா குடுக்கிறாரு? வீட்டுலயே ரொட்டி சுட்டா பாதி காசு மிச்சம்டி."

பிறகு தர்ஷினியின் யோசனைகள் ஒவ்வொன்றாக வந்தன. கேஸ் அடுப்பு வேண்டாம், விறகு அடுப்பு போதும். வாஷிங் பவுடர் வேண்டாம், மலைத் தண்ணீர் விழும் பீலியில் பார் சவர்க்காரம் போட்டு அடித்துத் துவைக்கலாம். நானும் சும்மா இருக்கவில்லை. "மத்தியானம் கடைச் சாப்பாட்ட விட்டுடறேன். வீட்டுலேர்ந்து சோத்துப் பார்சல் கொண்டு போறேன்" என்றேன். மகள்கள் இரண்டு பேரும் கை தட்டினார்கள். தியாகம் செய்தவனைப் போல எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

லெட்சுமி மட்டும் கை தட்டவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "சரி, பாப்போம்" என்றாள்.

திட்டம் பிரமாதமாக ஓடியது. சிலிண்டர் மூலையில் அசையாமல் நின்றது. சோற்றுப் பார்சல் காலையில் நான் எழும்பும்போதே தயாராக இருந்தது. ரொட்டி சுடச்சுட வந்தது. தேங்காய்ச் சம்பலுடன் நாலு ரொட்டி உள்ளே போனதும் பிரியாவே பணிஸை மறந்துவிட்டாள். சாயங்காலம் உட்கார்ந்து, இன்றைக்கு என்னென்ன மிச்சம் என்று மூன்று பேரும் பேசிப் பேசிச் சந்தோஷப்பட்டோம்.

மூன்று பேரும்... வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை கடைக்கு ஒரு பல்ப் வாங்கத் தையல் மிஸ் வந்தார். எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பின்னேரம் மூன்று மணிக்குத் தையல் வகுப்பு நடக்கிறது. அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். சிங்களவர், ஆனால் எங்கள் பெண்களிடம் தமிழில்தான் பேசுவார். வகுப்பில் மெஷின்கள் கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய. லெட்சுமி எத்தனையோ நாள் காத்திருந்து இடம் பிடித்தவள்.

"லெட்சுமிக்கு சுகமில்லையா?" என்று கேட்டார் மிஸ்.

"இல்லையே மிஸ், நல்லா இருக்கா."

"அப்ப ஏன் வாறது இல்ல? ரெண்டு கிளாஸ் வரல்ல. நாளைக்கும் வராட்டி மெஷின் வேற ஆளுக்கு குடுக்க வேணும். எனக்கும் வருத்தம்தான். வரிசையில ஆள் நிக்குது, நான் என்ன செய்ய?"

தவறான பல்பை எடுத்துக் கொடுத்து, அவர் சிரித்ததும் மாற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். லெட்சுமி அடுப்பை ஊதிக்கொண்டே பதில் சொன்னாள்.

"நேரம் எங்கங்க? வெட்டு முடிஞ்சு வந்தா வெறகு பொறுக்கப் போகணும். எல்லாம் ஈர வெறகு. ஊதி ஊதிச் சோறு எறக்கவே மூணு மணி. அப்புறம் பீலி. அங்கேர்ந்து வந்தா ஒங்க மகளுக்கு ரொட்டி."

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க மூணு பேரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அதுக்குள்ள நான் எங்க வந்து சொல்றது?"

அடுப்பில் இன்னொரு விறகைச் செருகிவிட்டு அவளே சொன்னாள். "மழை வந்தா நிக்காத தொழில் ஒண்ணு கையில இருந்தா நல்லம்னுதான் போனேன். பரவால்ல, விடுங்க."

அந்த "பரவால்ல" இருக்கிறதே, அதைக் கேட்டதும் தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். எந்த மழையால் எங்கள் வருமானம் குறைந்ததோ, அந்த மழையைச் சமாளிக்கத்தான் லெட்சுமி தையல் படிக்கிறாள். நாங்களோ பணிஸ் காசைக் காப்பாற்றி மெஷினைக் கோட்டைவிட இருந்தோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்காகக் கடையை மூடும்போது முதலாளி நானாவிடம் சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, உடுப்பை அலசி அடுப்புக்கு மேலே கொடியில் போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் உடுப்பு காய எங்களுக்கு வேறு இடம் கிடையாது. இன்றைக்குச் சமையல் நாங்கள், லெட்சுமி கிளம்ப வேண்டியது மட்டும்தான் என்று முடிவு.

விறகை அடுக்கினோம். பற்றவில்லை. கடதாசி வைத்தோம். கடதாசி எரிந்தது, விறகு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, ஒரு ஐடியா" என்றாள் தர்ஷினி.

நிதி அமைச்சரின் ஐடியா. லெட்சுமியின் பழைய பால் வாளி வீட்டின் பின்பக்கக் கோடியில் கிடந்தது. அதன் ஓரமெல்லாம் ரப்பர் பால் காய்ந்து தடித்துப் போயிருந்தது. அதைத்தான் ஒட்டுப்பால் என்போம். நெருப்பைக் காட்டினால் போதும், டயர் மாதிரி எரியும். அவள் அதை உரித்துக்கொண்டு வந்து அடுப்பில் போட்டாள். ஒரு துண்டு அல்ல, ஒரு கை நிறைய.

விறகு பற்றியது. சந்தேகமில்லை. கூடவே கரிய புகையும் குப்பென்று கிளம்பி, நேராகக் கொடியில் தொங்கிய வெள்ளை யூனிபார்ம்களுக்குப் போனது. நாங்கள் இருமிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது வெள்ளை என்று சொல்ல அதில் அதிகம் மிச்சமில்லை.

வாசலில் லெட்சுமி. கையில் குடை, துணிப் பை, கழுத்தில் அளவு நாடா. யூனிபார்மைப் பார்த்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். வெளியே வைத்த கால் மெதுவாக உள்ளே வந்தது. பையைக் கீழே வைத்தாள்.

தர்ஷினி ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "உள்ள வராதீங்கம்மா. நீங்க போங்க."

"யூனிபார்ம பாருடி."

"நாங்க தொவைக்கிறோம்."

"ஒட்டுப்பால் கரி பார் சவர்க்காரத்துக்கு அசையாதுடி."

"அப்ப பவுடர் வாங்குறோம். நீங்க போங்க."

தன்னுடைய சட்டத்தைத் தானே கிழித்த அமைச்சரை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

லெட்சுமி இன்னும் நின்றாள். வெளியே எட்டிப் பார்த்த பிரியா, "அம்மா, மிஸ் மண்டபத்த தெறக்கிறாங்க" என்றாள். அவ்வளவுதான். லெட்சுமி பையை எடுத்தாள். "மூணு கரிச்சட்டியும் மொகத்தக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். மெஷின் தப்பியது.

பிள்ளைகளே, செலவைக் குறைப்பது நல்ல பழக்கம். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பல நேரம் செலவு குறைவதில்லை. பர்ஸிலிருந்து இறங்கி, வீட்டில் யாராவது ஒருவருடைய முதுகில் ஏறிக்கொள்கிறது. ஏறியது யார் முதுகில் என்று திரும்பிப் பார்க்க வேண்டாமா?

இப்போது எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான் – திட்டம் சொன்னவரே அதைச் செய்ய வேண்டும். சட்டம் வந்ததும் பாதித் திட்டங்கள் தாமாகவே காணாமல் போய்விட்டன. மிஞ்சியவை நல்லவை. பருப்பைக் காலையிலேயே ஊறப் போட்டு, சட்டியை மூடி வைத்துச் சமைத்தால் கேஸ் சிலிண்டர் கூடுதல் நாள் வருகிறது. ஊறப் போடுவது பிரியா. கூரைத் தண்ணீரைப் பெரல் டிரம்மில் பிடித்துத் துவைப்பது தர்ஷினி, கொஞ்சம் பவுடருடன். விறகு, வெயில் அடிக்கும் நாளில் மட்டும். என் சோற்றுப் பார்சலை நானே கட்டுகிறேன். கறி ஒழுகி ஒருநாள் சட்டை நாசம், இருந்தாலும் கட்டுகிறேன்.

ரொட்டி மட்டும் முறை வைத்துச் சுடுகிறோம். நேற்று என் முறை. சாயங்காலம் மழைக்குள் சூன் பாண் பாட்டு மெல்லக் கேட்டது. பிரியா அசையவில்லை, அவ்வளவு கட்டுப்பாடு.

குடையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது நான்தான்.