நாலாம் நம்பர் பிரஸ்ஸில் கட்டிய எலுமிச்சம்பழம்

தொழிற்சாலைகளில் விபத்து நடந்தால் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் உத்தியோகம். அதன் கடைசிக் கட்டம் ‘காரணம்’. அதில் பதினெட்டு வருஷமாக நான் எழுதியது ஒரே வரி: ‘தொழிலாளியின் கவனக்குறைவு’. மேனேஜரின் ஏசி அறையில் டீ குடித்துக்கொண்டே எழுதி முடித்துவிடுவேன். அது தப்பு என்று ஒரு நாளும் உறைத்ததில்லை.

பிறகு புது மேலதிகாரி வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண்மணி. முதல் மீட்டிங்கிலேயே சொன்னார்: “ஜனங்களுக்காக வேலை பாக்கறவங்க ஜனங்க நின்ன எடத்துல நிக்கணும். இனிமே அடிபட்டவர் நின்ன எடத்துல ஒரு மணி நேரம் நின்னுட்டுத்தான் ரிப்போர்ட் எழுதணும்.”

இந்தம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று கேன்டீனில் முதலில் சிரித்தவன் நான்தான்.

அந்த வாரமே காக்களூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் விபத்து. தகட்டை வெட்டும் நாலாம் நம்பர் மெஷினில் டேவிட் என்பவருக்கு வலது கையில் நாலு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தேன். “நான் பெடல மிதிக்கவே இல்ல சார். அது தானா எறங்குச்சு. நீங்க வேற மாரி எழுதிட்டா வேலயும் போயிடும் சார், மூணு பொம்பளப் புள்ளைங்க,” என்று அழுதார். எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் சூப்பர்வைசர் முனிரத்தினம் ஓடி வந்தார். “இன்னா சார், அங்க போயி நின்னுகினு? ரூமுல குந்துங்க சார்.”

மேடம் உத்தரவு என்றேன். அவர் முகம் மாறியது. “அந்த மெஷின்ல இன்னாவோ கீது சார். பசங்க கிட்டவே போவ மாட்டானுங்க. அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்கா ஒடைக்கறோம், எலுமிச்சம்பழம் கட்றோம். அப்படியும் அடங்கல.”

“ரிப்போர்ட்ல பேய்னு எழுதச் சொல்றியாய்யா?” என்று சிரித்தேன்.

மெயின் ஸ்விட்சுக்கு முந்தின நாள் நானே சீல் வைத்திருந்தேன். விபத்து நேரத்தில் இருந்தபடி, சக்கரத்தைக் கையால் சுற்றி மெஷினின் வெட்டுக்கத்தி பொருத்திய மேல் தலையை உச்சிக்கு ஏற்றிவைக்கச் சொன்னேன். ஏற்றிவிட்டு ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விட்டார்கள்.

பிற்பகல் மூன்று மணி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை அனலாகக் கொதித்தது. கரன்ட் இல்லாத ஷெட்டில் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. டேவிட்டின் ஒற்றைக் கையுறை கொக்கியில், விரல்கள் விரிந்தபடியே தொங்கியது. அதைப் பார்க்கவேண்டாம் என்று திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் அது இருப்பது இன்னும் மோசமாக இருந்தது.

அரை மணியில் பொறுமை போய்விட்டது. ரிப்போர்ட் பேடை மெஷினின் அடித்தட்டில் வைத்து எழுத ஆரம்பித்தேன். ‘தொழிலாளியின் கவன’ வரை வந்தது. ஏதோ உறுத்த, நிமிர்ந்தேன். மேல் தலையில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் முன்பு என் நெற்றிக்கு நேராக இருந்தது. இப்போது மூக்குக்கு நேராக இருந்தது. பிரமை என்று கண்ணைத் துடைத்தேன். பழம் வாய்க்கு நேராக வந்துவிட்டது. சத்தமே இல்லை. ஐயோ என்று கையை இழுத்தேன். தலை தடாலென்று விழுந்தது.

பேடை இரண்டாக வெட்டியிருந்தது. என் கையில் பேனா மட்டும் இருந்தது.

மறுநாள் மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். தலையை மேலே பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங் தேய்ந்து பப்படமாகியிருந்தது. தலை தன் கனத்துக்குத் தானே இறங்கும். அத்தனை பேருக்கும் அது இறங்குவது தெரியும். எலுமிச்சம்பழம் கட்டினார்களே தவிர, ஒருத்தரும் பிரேக்கைப் பார்க்கவில்லை. ‘காரணம்’ கட்டத்தில் முதன்முதலாக நிர்வாகத்தின் பேரை எழுதினேன். டேவிட்டின் வேலை தப்பியது.

ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய ஃபைல்களைப் புரட்டினேன். இரண்டு வருஷத்துக்கு முன், அதே கம்பெனி, அதே நாலாம் நம்பர், அதே வலது கை. ஆள் பெயர் கஜேந்திரன். கீழே அதே வரி, என் கையெழுத்து. மேடம் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் திட்டவில்லை. “நீங்களே போய் அவர்கிட்ட வாக்குமூலம் வாங்கிட்டு வாங்க. திருப்பி எழுதலாம்,” என்றார்.

பொதட்டூர்பேட்டையில் கஜேந்திரன் பெட்டிக்கடை வைத்திருந்தார். இடது கையால் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“உங்கள எனக்குத் தெரியும் சார். அன்னிக்குக் கண்ணாடி ரூமுல டீ குடிச்சிகினு இருந்தீங்க. மெஷினு தானா எறங்குதுன்னு சொல்லத்தான் கட்டுப் போட்ட கையோட வந்தேன். ரெண்டு மணி நேரம் வெளிய நின்னுகினே இருந்தேன். நீங்க கூப்புடவே இல்ல.”

அவர் என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார்.

“இப்ப யாருக்கு சார் போச்சு?” என்று கேட்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, ஏசி அறை எங்கேயும் ஓடிவிடாது. முதலில் வெளியே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நான் பார்த்திருந்தால் டேவிட்டின் விரல்கள் இன்று இருந்திருக்கும்.