பதினேழாவது இலை

எழுபதுகளின் பிற்பகுதியில் அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. புரோகிராம் எழுதுவேன், எழுதியதை யாரும் குறை சொல்லக்கூடாது என்றும் எதிர்பார்ப்பேன். மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கும்போதே கோபம் என் மூக்கின் மேல் இருக்கும். அந்த அறையில் என்னைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் எங்கள் ஆபரேட்டர். நாற்பது வயது, கோட்டூர்புரத்தில் வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள்.

எங்கள் மெஷினில் டிஸ்க் சின்னது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோருடைய ஃபைலையும் டேப்பில் ஏற்றிவிட்டு டிஸ்க்கைத் துடைத்துவிடுவோம். திங்கட்கிழமை திரும்ப இறக்குவோம். இதற்கென்று இருந்தது ஒரே டேப், போன வாரத்ததை அழித்துவிட்டுத்தான் ஏற்றுவோம். ஏற்றுகிற சின்ன புரோகிராம் என்னுடையது. அடித்ததெல்லாம் காகிதத்தில் பதியும் டெலிடைப்பில் ஆபரேட்டர் அதன் பெயரை அடித்து, அதே வரியில் ஃபைல்களின் பெயர்களை வரிசையாக அடித்தால் போதும். அந்த வரிசையை வைத்துக்கொள்ள மெமரியில் பதினாறு இடம் ஒதுக்கியிருந்தேன். அப்போது ஃபைல் வைத்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர்தான், ஆளுக்கு ஒன்று. மெமரி கைப்பிடியளவு இருந்த காலம், பதினாறே தாராளம் என்று நினைத்தேன். பதினேழாவது ஒன்று வந்தால் பேசாமல் விட்டுவிடும்படி எழுதி வைத்தேன்.

ஆபரேட்டர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தானாகவே புரோகிராம் எழுதப் பழகினார். டேப்புகளைத் தேடித் தருகிற புரோகிராம் ஒன்று, மூன்று மாத உழைப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை அதை டைரக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் அவர் புரோகிராமர். ஓடாவிட்டால் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள்.

முந்தின நாள், திங்கட்கிழமை காலை, எல்லோருடைய ஃபைல்களும் இறங்கின. அவருடையது மட்டும் இல்லை.

"நான்தான் அடிக்க மறந்துட்டேன் போல கீது மேடம்," என்றார். "வுடுங்க, நமக்கு அவ்ளோதான்."

டெலிடைப் காகிதத்தைப் பிரித்தேன். மறக்கவில்லை, அடித்திருந்தார். விரல் வைத்து எண்ணினேன். பழைய பன்னிரண்டு பேரோடு அந்த வாரம் புதிதாக நான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். அவருடையது பதினேழாவது.

காகிதத்தைச் சுருட்டி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவரே பழியை ஏற்றுக்கொண்டாயிற்று. அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது. இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

"உங்க மேல தப்பில்லை," என்றேன். "என் புரோகிராம்தான் உங்களை விட்டுடுத்து. எதுக்கு உங்களதைக் கடைசில அடிச்சேள்?"

"இன்னா மேடம் இப்டி கேக்குறீங்க? கல்யாண வூட்ல வந்தவங்க துன்ன பெறவுதானே வூட்டுக்காரன் குந்துவான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினாறு இலை போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவள் நான். இடமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவாவது அந்த புரோகிராமுக்குக் கற்றுக்கொடுத்திருக்கலாம்.

அச்சடித்த பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சம்சாரம் அந்தக் காகிதத்தில் பெண்களின் நோட்டுகளுக்கு அட்டை போட்டிருக்கிறார். வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்பினோம். பள்ளிக்கூடம் விட்டதும் அந்த அம்மாள் அட்டைகளை உரித்து, மடிப்பு நீவி, தானே கொண்டு வந்து கொடுத்தார். கணக்கு நோட்டில் பாதி, பூகோளத்தில் மீதி. பசை ஒட்டிக் கிழிந்த நான்கு வரிகள் ஆபரேட்டருக்கு மனப்பாடம். நான் படிக்கப் படிக்க அவர் அடித்தார். ஏழு மணிக்குள் முடிந்தது.

மறுநாள் டைரக்டரிடம் முதலில் என் தப்பைச் சொன்னேன். அப்புறம் ஆபரேட்டர் ஓட்டிக் காட்டினார். ஓடியது. வேலையும் கிடைத்தது.

அந்த வாரமே என் புரோகிராமை மாற்றினேன். எத்தனை பெயர் வந்திருக்கிறது என்று முதலில் எண்ணும். அத்தனைக்கும் மெமரி கேட்டு வாங்கும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். இடம் கிடைக்காவிட்டால் வாய் திறந்து சொல்லும்.

வெள்ளிக்கிழமை அவர்தான் அடித்தார். எட்டிப் பார்த்தேன். தன்னுடையதைத் திரும்பவும் கடைசியில் போட்டிருந்தார்.

"இன்னுமா?" என்றேன்.

"இப்ப நமக்கும் எலை கீதே மேடம்," என்றார்.